ஏரிக்கரையில் பக்கம் கேட்ட இரவு

எனக்கு எழுபத்து நாலு வயது ஆகிறது. ஏழு பேரை வளர்த்திருக்கிறேன். பெற்றது நாலு. நாத்தனார் கண்ணை மூடியபோது விட்டுப் போனது இரண்டு. கடைசியாக மகள் வயிற்றுப் பேத்தி ஒன்று, கைப்பிள்ளையாக வந்து என்னிடமே தங்கிவிட்டது. ஒன்றையும் பசியோடு படுக்க வைத்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

எழுத்து எனக்குத் தாமதமாக வந்தது. எஸ்டேட்டில் பெரியவர்களுக்கு என்று சாயங்காலப் பள்ளி வைத்தார்கள், அதில் கற்றது. ஒரு வரி எழுதுவதற்குள் கை வலிக்கிறது. காப்பிப் பழத்தைத் திருகித் திருகி வீங்கிப்போன விரல்கள். பேனாவை அவை மதிப்பதில்லை. வலித்தால் நிறுத்திவிடுவேன். விட்டால் எழுதுவேன். அவசரம் ஒன்றும் இல்லை.

போன மாதம் கண்ணைக் காட்ட ஏற்காட்டுக்குப் போனோம், நானும் பேத்தியும். திரும்புகிற நாகலூர் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். அங்கே புதுப் பலகை ஒன்று வைத்திருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். இரவில் தனியாக நடமாட வேண்டாம், வெளிச்சமுள்ள பாதையிலேயே செல்லவும், அறிமுகம் இல்லாதவர் வண்டியில் ஏற வேண்டாம் என்று போட்டிருந்தது.

“இதெல்லாம் யாருக்குத் தெரியாது அம்மாயி” என்றாள் பேத்தி.

எனக்குத் தெரியாமல் இருந்தது என்றேன். அவள் என்னவென்று கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது. பஸ்ஸில் நின்றுகொண்டு பேசுகிற கதை இல்லை. முழங்காலும் அன்றைக்கு என்னோடு இல்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் மலைக்கு வந்தது ஒரு சித்திரையில், கல்யாணம் ஆகி. பிறந்த ஊர் சேலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மானாவாரி ஊர். அங்கே தண்ணீர் என்றால் கிணற்றின் அடியில் தெரிவதுதான். இங்கே வந்தால் லயன் வீடு, ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல குடும்பம், சுற்றிலும் காப்பிச் செடி, செடிக்கு மேலே நிழல் மரம், மரத்துக்கு மேலே பனி. வீட்டுக்காரர் பழம் அரைக்கிற மிஷினில் வேலை பார்த்தார். மாமியார் பழம் பறிக்கும் நிரையில் கடைசி ஆள்.

நிரை என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. பழம் பறிக்கும்போது பெண்கள் ஒருத்திக்கு ஒரு வரிசைச் செடி என்று பக்கம் பக்கமாக நின்று முன்னேறிப் போவார்கள். செடி ஆள் உயரம். பனி இறங்கிவிட்டால் அடுத்த வரிசையில் நிற்பவள் தெரிய மாட்டாள். காட்டெருமை ஓசை இல்லாமல் வந்து நிற்கும். அதனால் பனி இறங்கியதும் ஒரு கோடியில் நிற்பவள் “பக்கம்?” என்று கேட்பாள். அடுத்தவள் “இருக்கேன்” என்று சொல்லிவிட்டு, தனக்கு அடுத்தவளைக் கேட்பாள். கேள்வி அப்படியே மறுகோடி வரை போகும். மறுகோடியில் நிற்பவள் என் மாமியார். அவர் “இருக்கேன்” என்று சொல்லி, கேள்வியை வந்த வழியே திருப்பி அனுப்புவார். அது தொடங்கின இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டால் ஒருவரும் குறையவில்லை என்று அர்த்தம். யாரும் தலை எண்ணுவதில்லை. எண்ணுவது வேலை வாங்குகிற மேஸ்திரி, அது கூலிக்கு.

நான் வந்த சித்திரையில் பறிப்பு முடிந்து மாதக்கணக்காகி இருந்தது. எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் என் பெயரை இன்னும் பதியவில்லை. எனக்கு நிரையில் இடம் கிடையாது. அடுத்த பறிப்புக்குப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

கோடை வந்தால் ஏரியைச் சுற்றி விளக்குப் போடுவார்கள். கீழிருந்து கார் காராக ஆட்கள் வருவார்கள். சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயன் பெண்களும் போய் ராத்திரி விளக்கு பார்த்துவிட்டு வருவது வழக்கமாம். ஆண்கள் வேறு நாள், வேறு காரியம். ஒன்றரை மணி நேர நடை. போகும்போது வெயில் இருக்கும், திரும்பும்போது பஸ் இருக்காது. கையில் அரிக்கேன் விளக்கு, காட்டெருமை விலகத் தட்டுவதற்கு ஒரு பழைய தகர டப்பா. ராத்திரி ஏரிக்குப் போவதற்கு அவர்கள் வைத்திருந்த சட்டம் இரண்டே. கூப்பிடும் தூரத்தை விட்டு யாரும் நகரக் கூடாது. இருட்டில் நிரையை உடைக்கக் கூடாது, போனால் எல்லோரும் போக வேண்டும், நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். தோட்டத்தில் எப்படியோ அப்படியே ஊரிலும்.

என்னையும் கூட்டிப் போனார்கள். மாமியார் தன் வெற்றிலைப் பையை என்னிடம் கொடுத்து, இடுப்பில் செருகிக்கொள், தொலைத்துவிடாதே என்றார். புது மருமகளுக்கு அது ஒரு மரியாதை. நான் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஏரிக்கரையில் உட்கார்ந்ததும் அவர்கள் முதலில் செய்தது காலை நீட்டியது. வாரம் முழுக்கக் களை வெட்டின கால். படகில் போக ஆசைப்பட்டவர்கள் யாரும் இல்லை. பஜ்ஜி வாங்கிப் பிட்டுப் பிட்டுத் தின்றார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தி உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். அவளை எழுப்பி விளக்கைப் பார் என்றால், “கண்ணை மூடினாலும் தெரியுது, உடுங்க” என்றாள். எங்களுக்கு அவ்வளவுதான் உல்லாசம். மேஸ்திரி இல்லாத இடத்தில் உட்கார்ந்திருப்பது.

எனக்கு அது போதவில்லை. எனக்கு அப்போது அலுப்பு என்றால் என்னவென்று தெரியாது. விளக்கு போட்டதும் சிவப்பும் பச்சையுமாகத் தண்ணீருக்குள் இன்னொரு ஊர் இருப்பது போல இருந்தது. கம்பித் தடுப்பு வரைக்கும் போய் நின்றேன். ஒரு படகு நடு ஏரியில் விளக்கோடு போனது. அது திரும்பி வருவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன். தொலைவு ஒன்றும் இல்லை, பேச்சுக் குரல் கேட்கிற இடம்தான்.

மலையில் பனி சொல்லிக்கொண்டு வராது. ஏரியின் மறுகரை முதலில் போனது, பிறகு படகு, பிறகு தண்ணீர். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. பாட்டு நின்றது. பிள்ளைகள் கத்தின. கார்களைக் கிளப்புகிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் “பக்கம்?” என்று கேட்டுக்கொண்டு போவதும், அது திரும்பி வருவதும் என் காதில் விழுந்தது. எனக்கு அது அவர்கள் வேலைப் பேச்சு. அதில் நான் வாய் திறக்கலாம் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

கேள்வி போய்த் திரும்பிவிட்டது. நிரை முழுசாக இருந்தது. கிளம்பிவிட்டார்கள். ஒவ்வொருத்தியும் தன் பக்கத்து ஆளைத்தான் பார்ப்பாள், அதுதான் பழக்கம். நான் யாருக்கும் பக்கம் இல்லை.

படகு வந்து ஆட்கள் இறங்கினார்கள். திரும்பிப் பார்த்தால் நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் பஜ்ஜிக் காகிதம் மட்டும் கிடந்தது.

சாலைக்கு வந்து நின்றேன். எந்தப் பக்கம் வந்தோம் என்று தெரியவில்லை. பனியில் எல்லா வழியும் ஒன்றுதான். கார் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே இரண்டு பேர், கீழூர்க்காரர்கள், நல்ல சட்டை. எங்கே போக வேண்டும், ஏறிக்கொள், விட்டுவிடுகிறோம் என்றார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். அவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததா இல்லையா என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. கொஞ்ச தூரத்தில் பனிக்குள் மஞ்சளாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. அதைப் பார்த்து நடந்தேன். கார் பின்னாலேயே மெல்ல வந்தது.

அது ஒரு டீக்கடை. சேலத்திலிருந்து வந்த பாய் ஒருவர் நடத்தினார். வாசலில் பெட்ரோமாக்ஸ் தொங்கியது, அதைச் சுற்றிப் பூச்சி. கல்லாவில் பாய். அடுப்படியில் அவர் சம்சாரம், முக்காடு போட்ட கனத்த அம்மா. என்னைப் பார்த்ததும் பாயம்மா வெளியே எட்டிப் பார்த்தார். காரையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, டீ கிளாஸ் கிடந்த அண்டாவின் முன்னால் உட்கார வைத்தார்.

“கிளாஸக் கழுவு கண்ணு. சும்மா நின்னா நாலு பேரு கேப்பான். வேல செய்யறவள ஒருத்தனும் கேக்க மாட்டான்.”

கழுவினேன். கார் ஆட்கள் உள்ளே வந்து டீ சொன்னார்கள். ஒருவர் என்னைக் காட்டி, இந்தப் பெண் வழி தெரியாமல் நின்றதே, நாங்கள் கொண்டுபோய் விடுகிறோம் என்றார். பாயம்மா பாலை ஆற்றிக்கொண்டே, “வழியெல்லாம் நொம்ப நல்லாத் தெரியும் சாமி. எங்க ஊட்டுப் புள்ளதான், கிளாஸ் கழுவச் சொன்னா வேடிக்கை பாக்கப் போயிரும்” என்றார். பாய் சில்லறையை எடுத்து வைத்தார். அவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். கார் சத்தம் இறக்கத்தில் தேய்கிற வரை பாயம்மா அடுப்பைப் பார்த்தபடியே நின்றார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

எந்த எஸ்டேட் என்று கேட்டார். வெள்ளைக்காரர் பெயர் வைத்த எஸ்டேட், காதில் விழுந்திருக்கிறது, வாயில் வரவில்லை. வீட்டுக்காரர் பெயராவது சொல் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“இங்க யாரு கேக்கப் போறா, கொரங்கா?” என்றார் பாயம்மா. அப்போதும் நான் சொல்லவில்லை. அழுகையோடு எனக்குக் கர்வமும் இருந்தது.

“சரி, உடு. உங்க அத்தை எப்படி?”

“வெத்தல போடுவாங்க.”

“பை?”

இடுப்பில் இருந்ததைக் காட்டினேன். பாயம்மா அதை வாங்கிப் பார்த்து, பாக்குவெட்டியை எடுத்துக் காட்டி, பாயிடம் சிரித்தார். “அப்ப வந்துருவா. மருமவள மறந்தாலும் மறப்பா, இத மறக்க மாட்டா. நீ வெளிச்சத்த உட்டு நகராத, கம்முனு கழுவு.”

கடை அடைக்கிற நேரம் ஆகிவிட்டது. பாய் பலகைகளைச் சாத்தவில்லை. பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடித்து, அதைக் கடை வாசலிலிருந்து கழற்றிச் சாலையோரக் கம்பத்தில் கொண்டுபோய் மாட்டினார். யாரும் வராவிட்டால் எங்களோடு வீட்டுக்கு வந்து படுத்துக்கொள், காலையில் எஸ்டேட் எஸ்டேட்டாகக் கேட்டுக் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். நல்ல மனிதர். ஆனால் அவர் அதைச் சொன்னதும்தான் எனக்கு நிஜமான பயம் வந்தது. கல்யாணமாகி ஒரு மாதம் ஆன பெண் சீசன் ராத்திரியில் ஊரில் தங்கிவிட்டு விடிந்து வந்தாள் என்றால் லயனில் அதை எப்படிப் பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். எந்த வீட்டில் தங்கினாள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. என் அப்பாவுக்கு ஆள் போகும். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மலையேறி வருவார். விடிவதற்குள் என்னைத் தேடி யாராவது வர வேண்டும். வராவிட்டால் இந்த மலையில் எனக்கு இடம் இல்லை. அதை நினைத்துக்கொண்டு கழுவின கிளாஸையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

எங்கள் லயன் பெண்களுக்கு வழியில் நடந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். அவர்கள் பாதி வழிக்கு மேல் போயிருக்கிறார்கள். சாலையை விட்டு எஸ்டேட் பாதையில் இறங்குகிற இடத்தில், காட்டெருமை நடமாட்டம் அதிகம் என்பதால், நின்று மறுபடி பக்கம் கேட்டிருக்கிறார்கள். மறுபடியும் எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. அப்போது என் மாமியார் வெற்றிலை போடலாம் என்று இடுப்பில் கை வைத்திருக்கிறார்.

பை என்னிடம் இருந்தது. உட்கார்ந்தபடி தூங்கினவள்தான் முதலில் திரும்பி நடந்தாளாம். மாமியார், நான் மட்டும் போகிறேன், நீங்கள் பிள்ளைகளைப் பார்க்கப் போங்கள் என்று சொல்லியிருக்கிறார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடிந்தால் வேலை. ஒருத்திக்கு வீட்டில் பால் குடிக்கிற குழந்தை. ஆனாலும் நிரையை உடைக்கவில்லை. அத்தனை பேரும் அந்த அலுத்த காலோடு வந்த வழியே திரும்பினார்கள்.

முதலில் தகர டப்பாச் சத்தம் கேட்டது. பாயம்மா கையை உயர்த்தி, பேசாதே என்று காட்டினார். பிறகு பனிக்குள்ளிருந்து “பக்கம்?” என்று ஒரு குரல். “இருக்கேன்” என்று அடுத்த குரல். ஒவ்வொன்றாக நெருங்கி வந்தது. ஒரு முகமும் தெரியவில்லை, குரல் மட்டும் சாலையில் வரிசையாக நடந்து வந்தது. கடைசியாக என் மாமியார் குரல், “இருக்கேன்” என்றது.

அதற்கு அப்பால் ஆள் கிடையாது. அங்கிருந்து கேள்வி திரும்ப வேண்டும். திரும்பவில்லை. பிறகு அவரே, யாரும் இல்லாத பக்கத்தைப் பார்த்து,

“பக்கம்?” என்றார்.

நான் அண்டாவின் முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தேன். பாயம்மா என் தோளைத் தட்டினார்.

“உன்னத்தான் கேக்கறாங்க கண்ணு. சொல்லு.”

“இருக்கேனுங்க” என்றேன். அது சாலைக்கு எட்டவில்லை. எழுந்து வெளிச்சத்துக்கு வந்து மறுபடி சொன்னேன்.

மாமியார் பனியை விலக்கிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்தார், ஈரக் கையைப் பார்த்தார், பாயம்மாவைப் பார்த்தார். கட்டிப்பிடிக்கவில்லை, திட்டவில்லை.

“பை எங்க?” என்றார்.

கொடுத்தேன். அங்கேயே சாலையோரக் கல்லில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துப் போட்டுக்கொண்டார். சுண்ணாம்பை இரண்டு தரம் தடவினார். பாயம்மா எல்லோருக்கும் டீ போட்டார். காசு வாங்கவில்லை, “உங்க மருமவ கழுவுன கிளாஸுக்குக் கூலிங்க” என்றார். அப்போதுதான் பெண்கள் சிரித்தார்கள்.

திரும்பி நடக்கும்போது மாமியார் என்னைத் தனக்கு உள்பக்கமாகத் தள்ளினார், அவருக்கும் அடுத்தவளுக்கும் நடுவில். எஸ்டேட் பாதையில் இறங்குகிற இடத்தில் பக்கம் கேட்டார்கள். கேள்வி என்னிடம் வந்தது. “இருக்கேனுங்க” என்றேன். “இங்க ‘ங்க’ போட வேண்டாம் புள்ள, கேக்கறவளுக்கு நேரமாகுது” என்றாள் எனக்கு அடுத்தவள். லயனுக்கு வந்து சேர்ந்தபோது வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். ஏன் இத்தனை நேரம் என்று கேட்டார். கரண்ட் போய்விட்டது, நின்று பார்த்துவிட்டு வந்தோம் என்றார் மாமியார். அந்த நிரையில் ஒருத்தியும் கடைசி வரை வேறு பதில் சொல்லவில்லை.

ஆனால் தங்களுக்குள் விடவில்லை. மருமகளுக்காகவா வந்தா, வெற்றிலைக்காக வந்தா என்று பல வருஷம் அவரைக் கேலி செய்தார்கள். அவரும் மறுத்ததில்லை, “வெத்தலைக்குத்தான்” என்பார். ஐப்பசி கழிந்து பறிப்பு தொடங்கினபோது மேஸ்திரி என்னை வேறு நிரைக்கு அனுப்பப் பார்த்தார். மாமியார் கூடையைக் கீழே வைத்துவிட்டு, “அவ என் பக்கமுங்க” என்றார். கூடையைத் திரும்ப எடுக்கவே இல்லை, மேஸ்திரி சரி என்கிற வரை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சீசனும் ஏரிக்குப் போனோம். புதிதாக வந்தவள் எவளாக இருந்தாலும், ரைட்டர் பெயர் பதிந்தாலும் பதியாவிட்டாலும், முதல் நாளே அவளை நடுவில் நிறுத்திப் பக்கம் கேட்டோம். போகும்போதெல்லாம் பாய் கடையில் டீ குடித்தோம். நான் எழுந்து போய் நாலு கிளாஸ் கழுவி வைத்துவிட்டுத்தான் உட்காருவேன். விளக்கை நன்றாகப் பார்த்தோம். பயம் இல்லாமல் பார்க்கும்போது அது இன்னும் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

மாமியார் போன பிறகு கோடி இடம் எனக்கு வந்தது. பிறகு எனக்குப் பக்கத்தில் நின்றவள் போனாள். உட்கார்ந்தே தூங்கினவள் ஒரு நாள் அப்படியே போய்விட்டாள். ஒருத்தி மகனோடு கீழே போனாள், உயிரோடு இருக்கிறாளா தெரியாது. பாய் கடை இருந்த இடத்தில் இப்போது மாடி வைத்த ஓட்டல், ராத்திரி முழுக்க வெளிச்சம். லயனில் பாதி பூட்டிக் கிடக்கிறது. சில சாயங்காலம் பனி இறங்கும்போது எனக்குக் கேட்கத் தோன்றும். கேட்பதில்லை. அலுப்பாக இருக்கிறது, அது ஒன்று. கேட்டுவிட்டுக் காத்திருப்பது இன்னொன்று.

பேத்தி இந்த சீசனில் கூடப் படிக்கிற பெண்களோடு ராத்திரி ஏரிக்குப் போக வேண்டும் என்கிறாள். அவள் மாமன் முறைத்துக்கொண்டு திரிகிறான். போகட்டும் என்று நான் சொல்லிவிட்டேன்.

விரல் மடங்க மாட்டேன் என்கிறது. எழுதினது சரியாக வந்திருக்கிறதா என்று இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு என்னால் பார்க்க முடியாது. கண்ணு, அந்த விளக்குக்குக் கீழே வந்து உட்கார். முதலிலிருந்து எனக்கு ஒரு தரம் படித்துக் காட்டு. மெதுவாகப் படி. என் மாமியார் கடைசியாகப் பக்கம் கேட்கிற இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்து. அதற்கு அடுத்ததை நான் சொல்கிறேன்.